யூதாஸின் மஞ்சள் அங்கி: பழைய ஐரோப்பிய ஓவியங்களில் யூதர்களைப் பார்ப்பது எப்படி

ஏற்காட்டில் எங்கள் கோயிலில் தவக்காலம் தொடங்கினால், இயேசுவின் பாடுகளை நடித்துக் காட்டும் பாஸ்கா நாடக வேலையும் தொடங்கிவிடும். நான் பள்ளியில் ஓவிய ஆசிரியை என்பதால், திரை எழுதுவதும் உடை தைப்பதும் பத்தொன்பது வருடம் என் பொறுப்பாக இருந்தது. இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கிச் சேலம் சின்னக் கடைவீதிக்குப் போய்த் துணி எடுத்து வருவேன். மாதாவுக்கு நீலம், ரோமைச் சிப்பாய்களுக்குச் சிவப்பு, இயேசுவைக் காட்டிக்கொடுத்த சீடன் யூதாஸுக்கு எப்போதும் அடர் மஞ்சள். ஏன் மஞ்சள் என்று யோசித்ததில்லை. பழைய படங்களில் அப்படி இருந்தது, நானும் அப்படியே தைத்தேன். யூதத் தலைமைக் குரு கயபாவுக்கும் பரிசேயர் என்ற யூத மதப் பிரிவினருக்கும் பஞ்சும் மெழுகும் வைத்து மூக்கை நீட்டி வளைத்து ஒட்டியதும் நான்தான்.

ஒரு வருடம் ஒத்திகை நாளில், மாதாவாக நடிக்கும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை முகப்பூச்சுக்கு வந்து உட்கார்ந்திருந்தாள். நான் கயபாவுக்கு மூக்கு ஒட்டிக்கொண்டிருந்தேன். "மிஸ், மாதாவும் யூதப் பெண்தானே, எனக்கும் இந்த மூக்கு உண்டா?" என்று கேட்டாள். தனக்கும் ஒட்டப் போகிறேன் என்று நினைத்துத்தான் கேட்டாள். மெழுகு விரலில் ஒட்டியிருக்க, என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றேன்.

அதற்குப் பிறகுதான் நான் பார்த்து வரைந்த படங்களையெல்லாம் திரும்ப எடுத்து வைத்துப் பார்க்க ஆரம்பித்தேன். பாஸ்காவுக்கு உடை தைப்பவர்கள், மறைக்கல்வி சொல்லித் தருபவர்கள், வகுப்பில் ஐரோப்பிய ஓவியம் காட்டும் ஆசிரியர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். நம்மில் பெரும்பாலோர் யூதர் ஒருவரை நேரில் பார்த்ததே இல்லை. படத்தில் பார்த்ததோடு சரி. நமக்கு அவர்களைக் காட்டிய பல ஓவியர்களும் நேரில் பார்க்காமல் வரைந்தவர்களே. யூதர்களை இங்கிலாந்து 1290-இல் வெளியேற்றியது, பிரான்ஸ் 1394-இல், ஸ்பெயின் 1492-இல். ஆள் போன பிறகும் அந்த ஊர்களில் படம் மட்டும் வந்துகொண்டே இருந்தது.

வீட்டுச் சுவரிலிருந்து தொடங்கலாம்

சாப்பாட்டு அறையில், இயேசு சீடர்களோடு உண்ட கடைசி இராவுணவின் படம் மாட்டாத கிறிஸ்தவ வீடு நம் பக்கம் குறைவு. பெரும்பாலும் அது லியோனார்டோ 1495-க்கும் 1498-க்கும் இடையில் மிலான் நகர மடத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் எழுதிய சுவரோவியத்தின் நகல். அதன் எதிரே ஒரு நாற்காலியைப் போட்டு உட்காருங்கள். இடமிருந்து நான்காவது ஆள் யூதாஸ். கையில் பணப்பை, முழங்கை அருகே கவிழ்ந்த உப்புக் கிண்ணம், முகம் மட்டும் நிழலில். மற்ற பதினொருவரோடு மேசையின் ஒரே பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

சரி, இப்போது ஃபோனில் கஸ்தாஞோ என்ற ஓவியர் 1447-இல் ஃபுளோரன்ஸில் எழுதிய இராவுணவைத் தேடி எடுங்கள். அதில் யூதாஸ் மேசையின் இந்தப் பக்கம், தனியாக. கறுத்த முடி, கூரிய தாடி, வளைந்த மூக்கு. அறைக்குள் நுழைகிற குழந்தைகூட "கெட்டவன் அவன்" என்று விரல் நீட்டிவிடும்.

இரண்டு படத்திலும் மேசையில் இருக்கிற பதின்மூன்று பேரும் யூதர்கள். அவர்கள் உண்பதும் யூதர்களின் பெசாக் விருந்து. நாம் சொல்கிற 'பாஸ்கா' என்ற சொல்லே அந்தப் பண்டிகைப் பெயரிலிருந்து வந்ததுதான். ஆனால் 'யூதர்' என்று கண்ணுக்குத் தெரியும்படி வரையப்பட்டவர் ஒருவர் மட்டுமே. எந்தப் படத்தை எடுத்தாலும் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்: இங்கே அடையாளம் யாருக்குப் போட்டிருக்கிறது, யாருக்குப் போடாமல் விட்டிருக்கிறது?

படத்தைப் பெரிதாகப் பார்க்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கைபேசியில் வரும் கட்டைவிரல் அளவுப் படத்தில் ஒன்றும் தெரியாது. ஆம்ஸ்டர்டாமின் ரெய்க்ஸ் அருங்காட்சியகம் தன் படங்களை நல்ல தெளிவோடு இலவசமாகவே இறக்கிக்கொள்ள விட்டிருக்கிறது. லண்டன் தேசியக் கலைக்கூடத்தின் தளத்திலும் தூரிகை இழுத்த தடம் தெரியும் அளவுக்குப் பெரிதாக்கலாம். தலைப்பைக் கடைசியில் படியுங்கள். பல தலைப்புகள் ஓவியர் வைத்தவை அல்ல, பின்னால் விற்றவர்களும் வாங்கியவர்களும் ஒட்டியவை. டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் பற்றிச் சொல்லும்போது இதற்குத் திரும்பி வருகிறேன்.

தொப்பி

தெருக்கூத்து பார்த்தவர்களுக்கு இது எளிது. வேஷக்காரர் திரையை விலக்கி வரும்போதே கிரீடத்தையும் முகப்பூச்சையும் பார்த்து ஆள் யார் என்று சொல்லிவிடுவோம். பாட்டு தொடங்கும்வரை காத்திருப்பதில்லை. இடைக்கால ஐரோப்பாவின் படங்களும் எழுதப் படிக்கத் தெரியாத கூட்டத்துக்காக வரைந்தவைதான். அங்கே யூதர் என்று காட்டும் கிரீடம் ஒரு கூம்புத் தொப்பி. எண்ணெய் ஊற்றும் புனலைத் தலையில் கவிழ்த்து வைத்ததுபோல் இருக்கும், சிலவற்றில் நுனியில் ஒரு குமிழும் உண்டு.

1215-இல் ரோமில் கூடிய நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம், யூதர்களும் முஸ்லிம்களும் உடையால் வேறுபட்டுத் தெரிய வேண்டும் என்று விதித்தது. 1267-இல் வியன்னாவில் கூடிய சங்கம் கூம்புத் தொப்பியையே கட்டாயமாக்கியது. அதற்கு முன்பு யூதர்கள் தாங்களாகவே அணிந்த தொப்பி அது. அதனால் தொப்பியைப் பார்த்தவுடன் 'இது இழிவுபடுத்தும் படம்' என்று முடிவுகட்டக் கூடாது. ஜெர்மன் நாட்டுப் படங்களில் இறைவாக்கினர்களுக்கும் புனித சூசையப்பருக்கும் அதே தொப்பி மரியாதையோடு போடப்பட்டிருக்கிறது. 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சூரிச்சில் உருவான ஒரு கவிதைச் சுவடி இப்போது ஹைடல்பெர்க்கில் இருக்கிறது. அதில் ஸூஸ்கிண்ட் என்ற யூதக் கவிஞர் கூம்புத் தொப்பியோடும் நல்ல அங்கியோடும் மற்றவர்களுக்குச் சமமாக நிற்கிறார். 1300-ஐ ஒட்டித் தென் ஜெர்மனியில் யூதர்கள் தங்கள் பெசாக் இரவில் படிக்கச் செய்துகொண்ட புத்தகம் ஒன்று எருசலேமில் உள்ளது. அதில் மனிதர்களுக்குப் பறவைத் தலை, தலைமேல் இதே தொப்பி. தங்களைத் தாங்களே அப்படி வரைந்துகொண்டார்கள். ஆகவே தொப்பியை மட்டும் பார்க்காமல், அதை அணிந்தவர் கை என்ன செய்கிறது என்றும் பாருங்கள். புத்தகம் பிடித்திருக்கிறதா, கல் எறிகிறதா?

மஞ்சள்

இதில்தான் நம் கண்ணை நாமே திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. நமக்கு மஞ்சள் என்றால் மங்கலம். ஆடியில் சேலம் கோட்டை மாரியம்மன் பண்டிகைக்குப் போனால் தெரு முழுக்க மஞ்சள் புடவை. தாலிக் கயிறு மஞ்சள், பத்திரிகை மூலையில் மஞ்சள். இந்தக் கண்ணோடு ஐரோப்பியப் படத்தைப் பார்த்தால் மஞ்சள் நமக்கு எதையும் எச்சரிக்காது. எனக்கும் அதனால்தான் இத்தனை வருடம் உறைக்கவில்லை.

இத்தாலிய ஓவியர் ஜோட்டோ 1305-ஐ ஒட்டிப் பதுவா நகரத்துச் சிற்றாலயத்தில் எழுதிய யூதாஸ் முத்தத்தைப் பாருங்கள். யூதாஸின் மஞ்சள் போர்வை இயேசுவை அப்படியே சுற்றி மூடுகிறது. தலை மட்டும் வெளியே. சுற்றிலும் தீவட்டி, ஈட்டி, இரைச்சல். நடுவில் அந்த மஞ்சள் பரப்பு சுவர்போல் நிற்கிறது. ஓவியமாக அது மிகப் பெரிய வேலை, அதை நான் மறுக்க மாட்டேன். அந்தச் சிற்றாலயத்தைக் கட்டியவர் ஸ்க்ரொவேஞி என்ற கிறிஸ்தவச் செல்வர். அவருடைய தந்தை வட்டித் தொழிலுக்குப் பேர்போனவர், கவிஞர் தாந்தே அவரைத் தன் காவியத்தில் நரகத்தில் வைத்தார். வட்டிப் பணத்தில் எழுந்த சுவரில், பணப்பையோடு நிற்கும் யூதாஸின் முதுகைத் தொட்டபடி பிசாசையும் வரைந்திருக்கிறார் ஜோட்டோ.

மஞ்சள் எல்லாமே யூதாஸ் இல்லை, கவனம். நீல உடைமேல் மஞ்சள் போர்வை என்றால் அது பெரும்பாலும் சீடர் பேதுரு; அது வேறு வழக்கம்.

படத்திலிருந்து சட்டத்துக்கு வருவோம். பிரான்சில் ஒன்பதாம் லூயி மன்னன் 1269-இல் யூதர்கள் மார்பிலும் முதுகிலும் வட்டத் துணி தைத்துக்கொள்ள வேண்டும் என்றான். இங்கிலாந்தில் 1275-ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் துல்லியம்: மோசேயின் பத்துக் கட்டளை எழுதிய இரண்டு கற்பலகை வடிவம், மஞ்சள் கம்பளித் துணி, ஆறு அங்குல நீளம், மூன்று அங்குல அகலம், ஏழு வயது ஆன ஒவ்வொருவரும் அணிய வேண்டும். பாஸ்கா அங்கியில் மிஞ்சிய மஞ்சள் துணியை எடுத்து, டேப் வைத்து அளந்து, அந்த அளவுக்கு வெட்டிப் பார்த்தேன். இரண்டாம் வகுப்புப் பையனின் சட்டையில் வைத்தபோது மார்பின் ஒரு பக்கம் முழுவதும் மறைந்துவிட்டது. அங்கேயும் யாரோ ஒரு தாய்தான் உட்கார்ந்து ஊசி கோத்துப் பிள்ளை சட்டையில் அதைத் தைத்திருப்பாள். பதினைந்தே வருடத்தில், 1290-இல், அவர்கள் எல்லோரையும் நாட்டைவிட்டே அனுப்பிவிட்டார்கள்.

பெண்களின் அடையாளம் நம் கண்ணுக்கு இன்னும் தப்பிவிடும். 15-ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் சில நகரங்களில் யூதப் பெண்கள் காதணி அணிந்தே ஆக வேண்டும் என்று விதித்தார்கள். நமக்குக் காதில் கம்மல் இல்லாவிட்டால்தான் "ஏன் மூளியாக இருக்கிறாள்" என்று தோன்றும். அந்த ஊர்களில் காதில் வளையம் தொங்கினால் ஆள் யார் என்று அர்த்தம் ஆகிவிடும்.

மூக்கு, முகம்

ஆயிரமாவது ஆண்டுவரை கிறிஸ்தவப் படங்களில் யூதர்களுக்குத் தனி முகமே கிடையாது. மற்றவர்களைப் போலவே இருப்பார்கள். வளைந்த மூக்கு 13-ஆம் நூற்றாண்டில் வருகிறது. 1233-ஆம் ஆண்டு இங்கிலாந்து வரிக்கணக்குச் சுருள் ஒன்றின் மேல் ஓரத்தில், கணக்கெழுதிய யாரோ நோரிச் நகர யூதர்களைப் பிசாசுகளோடு கிறுக்கி வைத்திருக்கிறார். நோரிச் ஐசக் என்ற செல்வருக்கு அதில் மூன்று முகம், தலையில் கிரீடம். அரசாங்கக் கணக்கில் இப்படி ஒரு கிறுக்கல்!

முகத்தைப் பார்க்க ஒரு வழி சொல்கிறேன். ஒரு வெள்ளைத்தாளில் சதுரமாகத் துளை வெட்டிக்கொள்ளுங்கள். படத்தின்மேல் வைத்து ஒவ்வொரு முகமாக நகர்த்துங்கள். முழு முகமா, பக்கவாட்டு முகமா? வாய் மூடியிருக்கிறதா, பல் தெரிகிறதா? தோல் நிறம் என்ன? ஜெர்மன் ஓவியர் டியூரர் 1506-இல் வரைந்த 'அறிஞர்கள் நடுவில் இயேசு' படத்தில் இப்படிச் செய்து பாருங்கள். அது மத்ரித் நகரில் இருக்கிறது. ஐந்து நாளில் முடித்ததாக அவரே படத்தில் எழுதிவைத்திருக்கிறார். நடுவில் பன்னிரண்டு வயதுப் பையன், சுருள் முடி, மென்மையான முகம். சுற்றி ஆறு கிழவர்கள் நெருக்கி நிற்கிறார்கள். பையனின் முகத்தை ஒட்டியே பொக்கை வாயும் தொங்கும் மூக்குமாக ஒரு முகம். அப்புறம் தாளை நடுவுக்கு நகர்த்தினால் கைகள்: பையனின் விரலும் கிழவரின் விரலும் கிட்டத்தட்டப் பின்னிக்கொள்கின்றன. அந்தக் கைகளை எத்தனை தடவை பென்சிலில் போட்டுப் பார்த்திருப்பேன்! அவ்வளவு அழகு. அதே படத்தில்தான், ஒரே இனத்து இரண்டு பேரில் ஒருவருக்குத் தேவதை முகமும் மற்றவருக்குப் பூத முகமும். என் மாணவி கேட்ட கேள்வி இங்கே அப்படியே கிடக்கிறது.

கண்கட்டும் எழுத்தும்

பழைய தேவாலய வாசல்களில் இரண்டு பெண்கள் ஜோடியாக நிற்பார்கள். ஒருத்திக்குக் கிரீடமும் சிலுவைக் கொடியும். இன்னொருத்திக்குக் கண்ணைக் கட்டியிருக்கும், கையில் உடைந்த கோல், நழுவும் கற்பலகை. முதலாமவள் திருச்சபை, இரண்டாமவள் யூதர்களின் தொழுகைக்கூடம். ஸ்ட்ராஸ்பூர்க் பேராலயத்துச் சிலைகள் 1230-ஐ ஒட்டியவை. பிற்பாடு ஓவியங்களிலும் இதே ஜோடி வரும். நமக்குக் கண்கட்டு என்றால் நீதிமன்றத்து நீதிதேவதைதான் நினைவுக்கு வருவாள். குழம்ப வேண்டாம். கையில் தராசு இருந்தால் அவள் நீதி. உடைந்த கோல் இருந்தால் இவள்.

எழுத்தைப் பற்றிச் சுருக்கமாக. படத்தில் எபிரேய எழுத்து இருந்தால் அது உண்மையான எழுத்தா, வெறும் கோலமா என்று பாருங்கள். நான் இதற்காகவே சேலத்தில் ரயில் ஏறிக் கொச்சி போய், மட்டாஞ்சேரியில் 1568-இல் கட்டிய யூதத் தொழுகைக்கூடத்தைப் பார்த்துவிட்டு வந்தேன். நீல வெள்ளைச் சீன ஓடு பதித்த தரையில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நடக்க வேண்டும். அங்கே பார்த்த கட்டம் கட்டமான எழுத்துகள் மனதில் பதிந்த பிறகு, பல படங்களில் இருப்பது எழுத்தே இல்லை, வளைத்து வளைத்துப் போட்ட கீறல் என்று தெரிந்தது. கேட்டு எழுதியவர்களும் உண்டு. பைபிளில் வரும் பாபிலோன் அரசனைப் பற்றி ரெம்பிராண்ட் 1630-களில் வரைந்த 'பெல்ஷாத்சாரின் விருந்து' லண்டனில் இருக்கிறது. சுவரில் தோன்றும் எபிரேய வாசகம் மேலிருந்து கீழாக, முறையான எழுத்தில் இருக்கிறது. கடைசியில் ஓர் எழுத்து மட்டும் பிழை. யாரோ எழுதிக் கொடுத்ததைப் பார்த்து எழுதினால் வருகிற பிழை அது. ஓவிய ஆசிரியையாக எனக்கு அந்தப் பிழைமேல் மதிப்பு உண்டு.

பணம் யார் கொடுத்தது?

மேலே சொன்னவை கண்ணுக்குத் தெரிபவை. இது தெரியாது, தேடித்தான் எடுக்க வேண்டும். ஆனால் இதைக் கேட்காமல் ஒரு படத்தையும் முழுதாகப் படிக்க முடியாது.

இத்தாலியின் மாந்துவா நகரில் டானியேல் தா நோர்ஸா என்ற யூத வட்டிக்கடைக்காரர் 1493-இல் ஒரு வீடு வாங்கினார். முகப்புச் சுவரில் மாதா படம் இருந்தது. திருச்சபை அதிகாரிகளிடம் முறைப்படி அனுமதி வாங்கி, அதற்குரிய பணமும் கட்டிய பிறகுதான் அதை அழித்தார். 1495-இல் ஒரு கூட்டம் அந்த வீட்டைத் தாக்கியது. நகரை ஆண்ட ஃபிரான்செஸ்கோ கொன்சாகா, நோர்ஸாவே பணம் கொடுத்துப் புது மாதா படம் எழுதுவிக்க வேண்டும் என்று உத்தரவிட்டார். 110 டுகாட் பொற்காசு. எழுதியவர் மாந்தேஞா. வீட்டை இடித்து அந்த இடத்தில் ஆலயம் கட்டி, 1496-இல் படத்தை ஊர்வலமாகக் கொண்டுபோய் வைத்தார்கள்.

அந்தப் படம் இன்று பாரிஸில், லூவ்ர் அருங்காட்சியகத்தில் உள்ளது. நெப்போலியன் படை எடுத்துப்போனது. மாதா கை நீட்டி ஆசீர்வதிக்க, கொன்சாகா பளபளக்கும் கவசத்தோடு மண்டியிட்டிருக்கிறார். பணம் கொடுத்த நோர்ஸா எங்கேயும் இல்லை.

அதே சம்பவத்தைப் பற்றி 1499-ஐ ஒட்டிப் பெயர் தெரியாத ஓவியர் எழுதிய இன்னொரு படம் மாந்துவாவிலேயே இருக்கிறது. அதில் மேலே மாதாவும் புனிதர்களும், ஒருவர் கையில் அந்தப் புது ஆலயத்தின் மாதிரி. படத்தின் அடிவிளிம்பில், மாதாவின் பாதத்துக்கும் கீழே, மார்பளவில் நான்கு பேர்: இரண்டு ஆண், இரண்டு பெண். நோர்ஸா குடும்பம். ஆண்களின் மார்பில் மஞ்சள் வட்டம். பெரிதாக்கிப் பாருங்கள், வளைந்த மூக்கு இல்லை, பூத முகம் இல்லை. நான்கு பேருக்கும் நான்கு தனி முகம், சேலம் தேர்வீதியில் எதிரே வந்தால் அடையாளம் சொல்லிவிடலாம் என்கிற மாதிரி. ஓவியர் முகத்தைக் கோணலாக்கவில்லை, ஆனால் அவர்களை எங்கே வைக்க வேண்டும் என்று பணம் கொடுத்தவர்கள் முடிவு செய்துவிட்டார்கள். 'பக்கத்து வீட்டில் யூதர் இருந்திருந்தால் இப்படி வரைந்திருக்க மாட்டார்கள்' என்று நான் முதலில் நினைத்தேன். மாந்துவாவில் பக்கத்திலேயே இருந்தார்கள். அது மட்டும் போதவில்லை.

உர்பினோ நகரில் உச்செல்லோ 1467-68-இல் எழுதிய ஆறு காட்சி நீளப் படத்தையும் இப்படியே படிக்கலாம். பூசையில் கிறிஸ்துவின் உடலாக ஏற்கும் நற்கருணை அப்பத்தை ஒரு பெண் யூத அடகுக்கடைக்காரரிடம் விற்கிறாள், அவர் அதைச் சுடுகிறார், அதிலிருந்து ரத்தம் பெருகிக் கதவுக்கு வெளியே ஓடுகிறது என்று பாரிஸில் 1290-இல் கிளம்பிய பொய்க்கதை. எழுதச் சொன்னது நற்கருணைப் பக்திசபை ஒன்று. கட்டம் போட்ட தரை, தூரம் காட்டும் கோடுகள் எல்லாம் அற்புதமாக இருக்கும். ஓவிய வகுப்பில் அதை மட்டும் காட்டிவிட்டுப் போய்விடுவார்கள். நீங்கள் நான்காவது, ஐந்தாவது காட்சியில் நில்லுங்கள். தூக்குக்கு நிற்கும் கிறிஸ்தவப் பெண்ணுக்காக வானத்திலிருந்து தேவதூதர் இறங்குகிறார். அடுத்த கட்டத்தில் யூதத் தகப்பன், தாய், இரண்டு பிள்ளைகள் தீயில். அங்கே வானம் காலி.

நிலம் வைத்துக்கொள்ள விடாமல், கைத்தொழில் சங்கங்களில் சேர்க்காமல் வைத்ததால்தான் பல ஊர்களில் யூதர்களுக்கு அடகுத் தொழில் மிஞ்சியது. நம் சினிமாவிலும் மேடையிலும் 'அடகுக்கடை சேட்டு' என்றால் ஒரே தொப்பி, ஒரே தொந்தி, ஒரே கொச்சைத் தமிழ் என்று வைத்திருக்கிறோமே, அதை நினைத்துக்கொண்டு இந்தப் படத்தைப் பார்த்தால் அது எப்படி வேலை செய்கிறது என்று நமக்குச் சீக்கிரம் புரியும்.

ரேகன்ஸ்பூர்கில் 1519 பிப்ரவரியில் யூதர்களை வெளியேற்றித் தொழுகைக்கூடத்தை இடித்தார்கள். இடிக்கும் முன் உள்ளே போய் இரண்டு செதுக்குப்படம் (உலோகத் தகட்டில் கோடிட்டு அச்செடுக்கும் படம்) செய்தவர் ஆல்ட்டோர்ஃபர் என்ற ஓவியர். வெளியேற்ற முடிவெடுத்த நகர மன்றத்தில் அவரும் ஓர் உறுப்பினர். தூண், வளைவு, கதவு என்று ஒவ்வொன்றையும் அத்தனை பொறுமையாகப் போட்டிருக்கிறார்! மேலே, கடவுளின் நீதித் தீர்ப்பால் இது தரைமட்டமானது என்று எழுதியும் வைத்திருக்கிறார். அந்தக் கட்டடத்தைப் பற்றி நமக்கு இன்று தெரிவதில் பெரும்பங்கு இடித்தவர்களில் ஒருவரின் கையால் வந்தது.

மாடிப்படியில் நிற்கும் மருத்துவர்

இவ்வளவும் பார்த்த பிறகு ரெம்பிராண்டிடம் வாருங்கள். 1639 முதல் 1658 வரை அவர் குடியிருந்தது ஆம்ஸ்டர்டாமில் யூதர்கள் நிறைய வாழ்ந்த தெருவில். 1647-இல் எஃப்ராயிம் புவேனோ என்ற யூத மருத்துவரை அவர் செதுக்குப்படமாகச் செய்தார். அதற்காக எழுதிய சின்ன எண்ணெய் ஓவியம் ரெய்க்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நம் நோட்டுப்புத்தகப் பக்கத்தைவிடப் பெரிதில்லை. செதுக்குப்படத்தில் மருத்துவர் படி இறங்கி வந்து, கைப்பிடிக் கட்டைமேல் கையை வைத்து ஒரு நொடி நிற்கிறார். மேலே நோயாளியைப் பார்த்துவிட்டு வருகிறாரோ என்று தோன்றும். கண் எங்கோ யோசனையில் இருக்கிறது. கூம்புத் தொப்பி இல்லை, வட்டம் இல்லை, அன்றைய ஆம்ஸ்டர்டாம் கனவான்கள் அணிந்த அதே தொப்பியும் கழுத்துப்பட்டையும். தாளில் வெட்டிய துளையை அந்தக் கையின்மேல் வையுங்கள். விரல் கட்டையை இறுக்கிப் பிடிக்கவில்லை, சும்மா கிடக்கிறது. களைத்த மனிதரின் கை.

ரெம்பிராண்டின் 1656-ஆம் ஆண்டுப் பொருள் பட்டியலில் 'உயிருள்ள ஆளைப் பார்த்து வரைந்த கிறிஸ்து தலை' என்று ஒரு வரி உண்டு. அந்த வரிசையில் வரும் கிறிஸ்து முகங்களுக்கு அந்தத் தெருவின் யூத இளைஞர் ஒருவரை மாதிரியாக உட்கார வைத்திருப்பார் என்று கருதுகிறார்கள். கறுத்த முடி, அகன்ற கண், கொஞ்சம் சாய்ந்த தலை. மாதாவுக்கு என்ன மூக்கு வேண்டும் என்ற கேள்விக்கு நான் கண்ட பதில் அந்த முகம்தான்: உள்ளது உள்ளபடி ஒரு மனிதரின் மூக்கு.

எச்சரிக்கை ஒன்று. ரெம்பிராண்ட் வரைந்த தாடிவைத்த கிழவர் எல்லோரையும் 'யூத ரபி', அதாவது யூத மதகுரு, என்று பிற்காலத்தில் தலைப்பிட்டு விற்றார்கள். பலருக்கு ஆதாரம் கிடையாது. புகழ்பெற்ற 'யூத மணப்பெண்' படத்துக்கு அந்தப் பெயர் வந்ததே 19-ஆம் நூற்றாண்டில். அது பைபிளில் வரும் தம்பதி ஈசாக்கும் ரெபேக்காவுமாக இருக்கலாம் என்பதே இன்று பலரின் கருத்து.

யூதர்களே வரைந்த யூதர்கள்

இதை விட்டுவிட்டால் வேலை பாதிதான். மவுரிட்ஸி காட்லீப் என்ற யூத ஓவியர் 1856-இல் பிறந்து 23 வயதில் இறந்துவிட்டார். அவர் 1878-இல் எழுதிய, யூதர்களின் பாவமன்னிப்பு நாளான யோம் கிப்பூர் தொழுகைப் படம் டெல் அவீவில் உள்ளது. கூட்டத்தில் தன்னையே சிறுவனாக, பையனாக, இளைஞனாக மூன்று தடவை வரைந்திருக்கிறார். முதியவர் மடியில் இருக்கும் வேதச் சுருளின் உறையைப் பெரிதாக்கிப் பாருங்கள். மறைந்த காட்லீபின் நினைவாக என்று எபிரேயத்தில் எழுதியிருக்கும். உயிரோடு இருக்கும்போதே எழுதினார், மறுவருடம் போய்விட்டார்.

மாக்ஸ் லீபர்மான் என்ற ஜெர்மன் யூத ஓவியர் 1879-இல் பன்னிரண்டு வயது இயேசுவைக் கலைந்த கறுத்த முடியோடு, சாதாரண யூதப் பையனாக வரைந்தார். மியூனிக்கில் காட்சிக்கு வைத்ததும் பெரிய கொந்தளிப்பு, பவேரியச் சட்டமன்றத்தில்கூட விவாதம். கடைசியில் பையனை வெளிர்முடியாக மாற்றி எழுதினார். ஹாம்பர்கில் இன்று இருப்பது மாற்றிய படம். டியூரரின் அதே காட்சியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதைப் பாருங்கள்.

மேடைக்கு உடை தைக்கும்போது

பதின்மூன்று பேருக்கும் ஒரே துணியில் தையுங்கள். யூதாஸுக்குப் பணப்பை போதும், கடைசி வரிசைக்கும் அது தெரியும். கயபாவுக்கு நல்ல உடை கொடுங்கள், மூக்கைத் தொடாதீர்கள். 'யூதர்கள் கொன்றார்கள்' என்று வசனத்தில் வந்தால் அதை எடுத்துவிடச் சொல்லுங்கள். 1965 அக்டோபர் 28-ஆம் தேதி இரண்டாம் வத்திக்கான் சங்கமே, அன்றைய யூதர்கள் எல்லோர்மீதும் இன்றைய யூதர்கள்மீதும் அந்தப் பழியைப் போடக் கூடாது என்று அறிவித்துவிட்டது. பழைய பிரதியோடு நாடகம் போடும் ஊர்களுக்கு அதைத் தேதியோடு சொன்னால் கேட்டுக்கொள்கிறார்கள். எங்கள் ஊரில் கேட்டார்கள்.

இயேசுவுக்கு நான் இப்போது ஒரு வேலை கூடுதலாகச் செய்கிறேன். காட்லீப் கடைசிக் காலத்தில் எழுதி, முடிக்காமல் விட்ட படத்தில் இயேசு கப்பர்நாகூம் ஊர்த் தொழுகைக்கூடத்தில் யூதர்களின் தொழுகைத் துண்டைப் போர்த்தி நிற்கிறார். அதைப் பார்த்து, வெள்ளைப் பருத்தி மேல்துண்டின் நான்கு மூலையிலும் குஞ்சம் வைக்கிறேன். உண்மையான தொழுகைத் துண்டின் முடிச்சுக்கு அவர்களுடைய முறை உண்டு; மேடைக்கு அதை நகலெடுக்க வேண்டாம், சாதாரணக் குஞ்சம் போதும். பைபிளில், பெரும்பாடு என்ற ரத்தப்போக்கு நோயுள்ள பெண் குணமாக வேண்டிக் கூட்டத்தில் புகுந்து வந்து தொட்டது இந்த ஓரத்தைத்தான். அந்தக் காட்சி வைத்திருந்தால், அவள் கை எட்டிப் பிடிக்கும்படி குஞ்சத்தை ஒரு சாண் நீளம் விட்டு, இரட்டை நூலில் தைத்துவிடுங்கள்.